கோர்ட்டுக்குப் போகாத வக்கீலுக்கு கம்பெனியில என்ன வேலை? டர்பன்ல இருந்து ஒரு விளக்கம்

தென்னாப்பிரிக்காவோட டர்பன்ல நம்ம இந்திய வம்சாவளி ஜனங்க நிறைய இருக்கற சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பக்கம் ஒரு வீட்டுல பொண்ணோ பையனோ எல்எல்பின்னு சட்டப் படிப்பு முடிச்சா சொந்தக்காரங்க கேக்குற முதல் கேள்வி எப்போ ஆபீஸ் திறக்கப்போறேன்னுதான். சொந்த ஆபீஸ், வாசல்ல பேர் போட்ட பலகை, வெயிட்டிங் ரூம்ல நாலு பேர், அதுதான் வக்கீல். "ஒரு கம்பெனியில லீகல் அட்வைசரா சேந்திருக்கேன் ஆன்ட்டி"ன்னு சொன்னா "அப்ப கோர்ட்டுக்கே போகமாட்டியாம்மா?"ன்னு ஒரு மாதிரியா பாப்பாங்க, ஏதோ டாக்டருக்குப் படிச்சுட்டு ஃபார்மசியில நிக்கிறவங்களப் பாக்குற பார்வை.

இந்தப் பார்வைக்கு ஒரு காரணம் இருக்கு, அத சும்மா அறியாமைன்னு தள்ளிட முடியாது. நவி பிள்ளை நம்ம டர்பன் க்ளேர்வுட் பொண்ணு, பஸ் டிரைவர் மகள், பின்னாடி ஐநா மனித உரிமை ஆணையரா 2008ல இருந்து 2014 வரைக்கும் இருந்தவங்க. அவங்க 1967ல சொந்தமா ஆபீஸ் போட்டாங்க, டர்பன் இருக்கற நட்டால் மாகாணத்துல வெள்ளைக்காரங்க அல்லாத ஒரு பெண் அப்படிச் செய்யுறது அதான் முதல் தடவை. ஆசைப்பட்டு மட்டும் போடல, எந்த ஃபர்மும் வேலை குடுக்கல, அதனால போட்டாங்க. வெள்ளைக்கார ஃபர்மே கதவைச் சாத்தின காலத்துல மைன்ஸும் பேங்கும் சர்க்கரை கம்பெனியும் தன்னோட ரகசிய பேப்பரை ஒரு நாயுடு கையிலயோ கோவிந்தர் கையிலயோ குடுத்திருக்குமா என்ன. அதனால நம்மாளுங்களுக்கு வக்கீல் தொழில்னா கிரே ஸ்ட்ரீட்ல ஒரு மாடி, ஒரு டைப்ரைட்டர், வீடு வாங்குறவன் விக்கிறவன், உயில், டைவர்ஸ், கிரிமினல் கேஸ், அவ்வளவுதான். கம்பெனிக்கு உள்ள உக்காந்து வேலை பாக்குறதுங்கற பாதை நம்ம சமூகத்துக்கு ஒழுங்கா திறந்ததே அப்பார்தெய்ட்ங்கற நிறவெறி ஆட்சி முடிஞ்ச 1994க்கு அப்புறம்னு சொல்லலாம். ஒரு தலைமுறைதான் ஆகுது, அதான் வீட்டுல யாருக்கும் இது என்ன வேலைன்னு சொல்லத் தெரியல.

ஆனா ஒரு வேடிக்கை, இந்த ஊரோட ரொம்பப் பிரபலமான வக்கீல் இங்க வந்து இறங்குனதே இப்படி ஒரு வேலைக்குத்தான். 1893 மே மாசம் காந்தி டர்பன்ல கப்பல் இறங்குனப்ப கையில இருந்தது தாதா அப்துல்லா கம்பெனியோட ஒரு வருஷ காண்ட்ராக்ட், 105 பவுண்டு, போக வர ஃபர்ஸ்ட் கிளாஸ் டிக்கெட். பிரிட்டோரியாவுல 40,000 பவுண்டுக்கு ஒரு சிவில் கேஸ் ஓடிட்டிருந்துச்சு, அதுல கோர்ட்ல வாதாட வேற பெரிய வக்கீலுங்க இருந்தாங்க, இவர் வேலை கம்பெனி பக்கம் நின்னு கணக்குப் புத்தகத்தைப் படிச்சு, குஜராத்தி கடிதங்களை இங்கிலீஷ்ல சொல்லி, அந்த வக்கீலுங்களுக்குக் கேஸ் புரியுற மாதிரி பண்றது. கணக்கு தெரியாதுன்னு புக்கீப்பிங் புத்தகம் வாங்கிப் படிச்சார். கடைசியில தீர்ப்பு வரைக்கும் இழுக்காம ரெண்டு பக்கத்தையும் மத்தியஸ்தத்துக்குக் கொண்டு வந்தார், தன் பக்கம் ஜெயிச்சதும் தோத்தவர் ஒரே தடவையா கட்டினா திவாலாயிடுவார்னு தவணைக்கும் தன் முதலாளியையே சம்மதிக்க வெச்சார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷன்ல ரயில்ல இருந்து தள்ளிவிட்டது எல்லாருக்கும் தெரியும், அவர் அந்த ரயில்ல போனதே இந்தக் கம்பெனி வேலைக்குத்தாங்கறது பேச்சுல வர்றதே இல்ல.

இன்னைக்கு இன்-ஹவுஸ் வக்கீல்னு சொல்றோமே, அவங்க வேலையும் கிட்டத்தட்ட அதேதான். வியாபாரத்தை உள்ள இருந்து புரிஞ்சுக்கணும், கணக்கு தெரியணும், வெளி வக்கீலுக்குச் சரியான தகவலைக் குடுத்து சரியான கேள்வியைக் கேக்கணும், முடிஞ்சா சண்டை வராமலே பாத்துக்கணும். வெளி வக்கீல்கிட்ட கம்பெனி போறது பெரும்பாலும் ஏதாவது ஆனதுக்கு அப்புறம், உள்ள இருக்கறவர் ஆகறதுக்கு முன்னாடியே அந்த ரூம்ல உக்காந்திருப்பார். இந்த வேலையோட மதிப்பு மொத்தமும் அந்த ரூம்ல இருக்கறதுலதான் இருக்கு, கஷ்டமும் அதே ரூம்லதான், அத பின்னாடி சொல்றேன்.

சும்மா சொன்னா புரியாது, ஒரு உதாரணம் பாப்போம். 2021 ஜூலை கலவரத்தை டர்பன்ல இருந்த யாரும் மறந்திருக்க மாட்டோம், கடை கடையா கொள்ளை, என்3 ரோடு மூடியாச்சு, சாப்ரெஃப் எண்ணெய் ரிஃபைனரி ஃபோர்ஸ் மஜூர்னு, அதாவது கையை மீறின காரணத்தால காண்ட்ராக்ட்படி செய்ய முடியலன்னு அறிவிச்சுது, அது முடிஞ்சு மூச்சு விடுறதுக்குள்ள துறைமுகத்தை நடத்துற அரசு கம்பெனி ட்ரான்ஸ்நெட் மேல சைபர் அட்டாக், துறைமுக கன்டெய்னர் டெர்மினலுக்கும் ஃபோர்ஸ் மஜூர். அந்த வாரம் இங்க ஒரு சப்ளை கம்பெனியோட லீகல் டிபார்ட்மென்ட்ல என்ன நடந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. முதல்ல இன்சூரன்ஸ் பாலிசிய எடுப்பாங்க, ஏன்னா சாதாரண பாலிசியில கலவரம் கவர் ஆகாது, அதுக்கு சாஸ்ரியாங்கற அரசாங்க இன்சூரன்ஸ தனியா சேத்திருக்கணும், சேத்தாங்களா இல்லையா, சரக்கோட மதிப்பைக் கடைசியா எப்போ மாத்துனாங்க. அடுத்து கஸ்டமர் காண்ட்ராக்ட், சரக்கு அனுப்ப முடியல, ஃபோர்ஸ் மஜூர் க்ளாஸ் இருக்கா, இருந்தா அதுல கலவரம்னு வார்த்தை இருக்கா, எத்தனை மணி நேரத்துக்குள்ள எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும்னு போட்டிருக்கு. இங்கதான் பாதி கம்பெனி மாட்டும், எல்லாரும் டிவி பாத்துட்டு உக்காந்திருப்பாங்க, எதிர்ப்பார்ட்டிக்குத் தெரியாதா என்னன்னு நினைப்பாங்க, ஆனா காண்ட்ராக்ட்ல நோட்டீஸ்னு இருந்தா நோட்டீஸ் போயிருக்கணும். க்ளாஸே இல்லன்னா நம்ம காமன் லா, அதாவது பழைய தீர்ப்புகள் வழியா வந்த பொதுச் சட்டம், அந்தப் பக்கம் போகணும், அது வேலை உண்மையிலயே செய்ய முடியாமப் போச்சான்னு கேக்கும், கஷ்டமாச்சு, நஷ்டமாச்சுங்கறதுக்கு மன்னிக்காது. அப்புறம் வேர்ஹவுஸ் வாடகை, எரிஞ்ச கட்டடத்துக்கு வாடகை குடுக்கணுமா, வேலைக்கு வர முடியாதவங்களுக்குச் சம்பளம் உண்டா, இதெல்லாம் ஒரே நாள்ல ஒரே ஆள் மேல விழும். அன்னைக்கு கோர்ட் ஒண்ணும் கிடையாது, கருப்பு கவுன் கிடையாது, ஒரு லேப்டாப்பும் ஓயாம அடிக்கிற போனும்தான்.

சாதாரண நாள்னா இவ்வளவு பரபரப்பு இல்ல, முக்கால்வாசி காண்ட்ராக்ட்தான். சேல்ஸ்ல இருக்கற அண்ணன் மூணு மணிக்கு மெயில் அனுப்பி அஞ்சு மணிக்கு கையெழுத்து போடணும்பார், திறந்து பாத்தா நாப்பது பக்கம், அதுல எங்கயோ ஒரு மூலையில எந்த நஷ்டம் வந்தாலும் எவ்வளவு வந்தாலும் நாமதான் குடுக்கணும்னு ஒரு இன்டெம்னிட்டி உக்காந்திருக்கும். ஒரு டிரான்ஸ்போர்ட் காண்ட்ராக்ட்ல நமக்கு மாசம் வர்றது சின்ன தொகை, ஆனா லாரி கவுந்தா கஸ்டமரோட ஃபேக்டரி நின்ன நஷ்டம் வரைக்கும் நம்ம தலையில. அங்க லிமிட் போடணும், இன்சூரன்ஸ் எவ்வளவுக்கு எடுத்திருக்கோமோ அதுக்கு மேல போகாம பாத்துக்கணும். இதுல ஜெயிச்சா யாருக்கும் தெரியாது, ஏன்னா ஒண்ணுமே நடக்காது. பாராட்டு வேணும்னா வேற வேலை பாக்கணும், அதான் நிலைமை.

சட்டப்படி இவங்க யாருன்னு பாத்தா அதுலயும் ஒரு வினோதம் இருக்கு. தென்னாப்பிரிக்காவுல க்ளையன்ட்டைப் பாத்து கேஸைக் கையாள்ற அட்டர்னி, பெரும்பாலும் கோர்ட்ல வாதாடற அட்வகேட்னு ரெண்டு வகை, ரெண்டு பேரையும் 2014ஆம் வருஷ லீகல் பிராக்டிஸ் சட்டத்தின் கீழ வர்ற லீகல் பிராக்டிஸ் கவுன்சில்தான் பாத்துக்குது, அது பழைய லா சொசைட்டிகளுக்குப் பதிலா 2018 நவம்பர்ல வந்துச்சு. லீகல் அட்வைசருக்கு இப்படி ஒண்ணும் கட்டாயம் இல்ல. எல்எல்பி மட்டும் இருந்தாலே ஒரு கம்பெனி உங்கள அந்தப் பதவியில போடலாம், அட்மிட் ஆகியிருக்கணும்னு, அதாவது கோர்ட்ல வக்கீலா பதிவாகியிருக்கணும்னு சட்டம் கேக்கல. அட்மிட் ஆன அட்டர்னி கம்பெனிக்கு மாறுனா பேரை நான்-பிராக்டிசிங் லிஸ்டுக்கு மாத்திக்கணும், அப்புறம் கம்பெனிக்காகக் கூட அட்டர்னியா கோர்ட்ல போய் நிக்க முடியாது, கோர்ட் பேப்பர் தயார் பண்றதும் பிராக்டிஸ் பண்றவங்களுக்குன்னு ஒதுக்கின வேலை. அதனாலதான் கேஸ் வந்தா வெளி ஃபர்முக்கு இன்ஸ்ட்ரக்‌ஷன் குடுக்கறோம்.

ஆனா கோர்ட் மாதிரி இருக்கற சில இடத்துல கதை தலைகீழ். சிசிஎம்ஏல, அதாவது வேலையிலருந்து எடுத்தவங்க 30 நாளுக்குள்ள போய் முறையிடுற இடத்துல, நடத்தை சரியில்ல, திறமை இல்லன்னு எடுத்த கேஸா இருந்தா வெளி வக்கீல் நினைச்சவுடனே உள்ள வர முடியாது, எல்லாரும் ஒத்துக்கணும், இல்ல கமிஷனர் அனுமதிக்கணும். கம்பெனியோட டைரக்டரோ எம்ப்ளாயியோ ஆஜராகலாம், அதனால லேபர் லா தெரிஞ்ச உள்ளாள் அங்க தங்கம். ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்ல 20,000 ராண்டு வரைக்கும் வழக்கு போடலாம், வக்கீலுக்கே அங்க இடம் இல்ல, கம்பெனி யார் மேலயும் அங்க கேஸ் போட முடியாது, ஆனா கம்பெனி மேல போடலாம், போட்டா யாராவது ஒரு ஆபீசர் போய் நிக்கணும். அந்த ஆபீசர் யாரா இருப்பாங்கன்னு நினைக்கறீங்க, "உனக்குத்தானம்மா சட்டம் தெரியும்"னு தள்ளிவிட்டுருவாங்க.

ரகசியம் பத்தியும் சொல்லணும், இதுல நிறைய பேருக்குக் குழப்பம். வெளி வக்கீல்கிட்ட சொன்னது வெளிய வராது, அது தெரியும், சம்பளத்துக்கு உள்ள உக்காந்திருக்கற வக்கீல்கிட்ட சொன்னதுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டா? நம்ம நாட்டுல உண்டு, 2001ல கேப் ஹைகோர்ட் முகமது எதிர் ஜனாதிபதி கேஸ்ல, சம்பளம் வாங்குற லீகல் அட்வைசர் தனி வக்கீல் குடுக்கற மாதிரியான ரகசிய ஆலோசனை குடுத்தா அதுக்கும் அந்த உரிமை இருக்குன்னு சொல்லிருச்சு. ஐரோப்பாவுல அப்படி இல்ல, 2010ல அக்ஸோ நோபல் கேஸ்ல ஐரோப்பிய நீதிமன்றம், ஐரோப்பிய கமிஷன் பண்ற காம்பெடிஷன் விசாரணையில உள் வக்கீலோட மெயிலுக்குப் பாதுகாப்பு கிடையாதுன்னு முடிச்சிருச்சு, காரணம் என்னன்னா சம்பளம் குடுக்கறவர்கிட்ட இருந்து அவர் முழுசா சுதந்திரமா இருக்க முடியாதுன்னு. டர்பன்ல இருக்கற கம்பெனிக்கு ஜெர்மனியில ஹெட் ஆபீஸ்னா இந்த வித்தியாசம் நேரடியா கடிக்கும். இங்க பாதுகாப்பு இருக்குன்னாலும் எல்லாத்துக்கும் இல்ல, சட்ட ஆலோசனைக்கு மட்டும்தான், வியாபார யோசனை சொன்னா அது வெறும் மெயில்தான். மெயில்ல பதினஞ்சு பேருக்கு காப்பி (சிசி) போட்டு, மேல ரகசியம்னு எழுதிட்டா ரகசியமாயிடாது. இத ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்குடுக்கணும், ஒவ்வொரு வருஷமும் மறந்துருவாங்க.

காண்ட்ராக்ட் மட்டுமே இருந்த இந்த வேலை பெருசானது கம்ப்ளையன்ஸாலதான், கம்பெனி சட்டப்படி நடக்குதான்னு பாக்கற வேலை. பாப்பியா, அதாவது தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம், 2013ல பாஸாகி 2021 ஜூலை 1ல இருந்து முழுசா பிடிச்சுது, அபராதம் 1 கோடி ராண்டு வரைக்கும் போகலாம். சட்டப்படி கம்பெனி தலைவர்தான் இன்ஃபர்மேஷன் ஆபீசர், அவர் கையெழுத்து போட்டுட்டு டெபுடின்னு லீகல்ல ஒருத்தர் பேரை எழுதிட்டுப் போயிடுவார், அப்புறம் ஹேக் ஆச்சுன்னா ரெகுலேட்டருக்கும் கஸ்டமருக்கும் சொல்ற கடிதம் எழுதறது அந்த ஆள்தான். பேங்க், இன்சூரன்ஸ் பக்கம் ஃபிக்காங்கற கறுப்புப் பணத் தடுப்புச் சட்டம், கஸ்டமர் யாரு, பணம் எங்க இருந்து வருதுன்னு பாக்கறது. 2023 பிப்ரவரியில எஃப்ஏடிஎஃப்ங்கற உலகக் கறுப்புப் பணக் கண்காணிப்பு அமைப்பு, ஏற்பாடு போதாதுன்னு நாட்டையே கிரே லிஸ்ட்ல போட்டதுக்கு அப்புறம் இந்த ஆளுங்களுக்குக் கிராக்கி ஏறிடுச்சு, 2025 அக்டோபர்ல லிஸ்ட்ல இருந்து வெளிய வந்தாச்சு, ஆனா கட்டி வெச்ச வேலையெல்லாம் அப்படியேதான் இருக்கு. காம்பெடிஷன் சட்டம் இன்னொரு பக்கம், போட்டிக் கம்பெனிங்க கூடிப் பேசி விலை வெக்கற கார்டெல்ல மாட்டுனா 2016 மே மாசத்துல இருந்து மேனேஜர் ஜெயிலுக்கே போகலாம், அதனால டிரேட் அசோசியேஷன் மீட்டிங்குக்குப் போற சேல்ஸ் டீமுக்கு எத பேசலாம் எத பேசக்கூடாதுன்னு கிளாஸ் எடுக்கறதும் நம்ம வேலை. 2024 ஏப்ரல்ல ஊழல் தடுப்புச் சட்டத்துல 34ஏ பிரிவு வந்துச்சு, கம்பெனியோட ஆளோ ஏஜென்டோ லஞ்சம் குடுத்தா கம்பெனியே குற்றவாளி, தடுக்கறதுக்குப் போதுமான ஏற்பாடு வெச்சிருந்தோம்னு காட்டினாதான் தப்பிக்கலாம். அந்த ஏற்பாடு என்னன்னு எழுதி, டிரெய்னிங் குடுத்து, ஃபைல் போட்டு வெக்கறது யாருன்னு சொல்லவே வேண்டாம்.

கம்பெனி செக்ரட்டரிங்கறது தனி பாதை, நம்மாளுங்க இத கவனிக்கறதே இல்ல, பேர்ல செக்ரட்டரின்னு இருக்கறதால டைப் அடிக்கிற வேலைன்னு நினைச்சுடறாங்க. 2008 கம்பெனி சட்டத்துல 86வது பிரிவு, பப்ளிக் கம்பெனிக்கும் அரசுக் கம்பெனிக்கும் ஒரு செக்ரட்டரி இருந்தே ஆகணும்னு சொல்லுது. போர்டு மீட்டிங்ல உக்காந்து, டைரக்டருங்களுக்கு அவங்க கடமை என்னன்னு சொல்லி, சட்டத்தை மீறினா போர்டுக்கு எழுத்துல தெரிவிக்கிற ஆள். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பிரிவு 89. போர்டு செக்ரட்டரிய நீக்கிட்டா, ஏன் நீக்குனாங்கன்னு தன் பக்கத்து வாதத்தை அந்த வருஷ ஆண்டுக் கணக்கறிக்கையில சேக்கச் சொல்லி அவர் கேக்கலாம், ஷேர்ஹோல்டர் எல்லாரும் படிப்பாங்க. லீகல் அட்வைசருக்கு இப்படி ஒரு ஆயுதம் கிடையாது, லீகல் தலைவருக்கு ஜெனரல் கவுன்சல்னு எவ்வளவு பெரிய பேர் போட்டாலும் லேபர் லா கண்ணுல அவர் மத்த எம்ப்ளாயிங்க மாதிரிதான்.

இப்ப முன்னாடி சொன்ன அந்த ரூம் விஷயத்துக்கு வர்றேன். வெளி வக்கீலுக்கு நாப்பது க்ளையன்ட், ஒருத்தர் தப்பு பண்ணச் சொன்னா எழுந்து போயிடலாம். உள்ள இருக்கறவருக்கு ஒரே க்ளையன்ட், அவர்தான் சம்பளம், மெடிக்கல் எய்டு, போனஸ் எல்லாம். அதோட க்ளையன்ட் யாருங்கறதுலயே சிக்கல், கம்பெனிதான் க்ளையன்ட், சிஇஓ இல்ல, ஆனா உங்க லீவு ஃபார்ம்ல கையெழுத்து போடறது சிஇஓதான். பிராசாவ எடுத்துக்கங்க, நம்ம பயணிகள் ரயில் கம்பெனி. 350 கோடி ராண்டுக்கு இஞ்சின் வாங்குன ஸ்விஃபாம்போ காண்ட்ராக்ட்ட 2017ல ஹைகோர்ட் ரத்து பண்ணிச்சு, இஞ்சின் உயரமே இங்க இருக்கற லைனுக்குச் சரியா வரலன்னு ஊரே சிரிச்சுது. அங்க லீகல், ரிஸ்க், கம்ப்ளையன்ஸ் தலைவரா இருந்த மார்த்தா ன்கோயே அரசாங்கத்துல நடந்த ஊழலை விசாரிச்ச சோண்டோ கமிஷன் முன்னாடி உள்ள நடந்ததைச் சாட்சியா சொன்னாங்க. 2021 ஆரம்பத்துல அவங்களையும் இன்னும் ரெண்டு பேரையும் வேலையை விட்டு எடுத்தாங்க, லேபர் கோர்ட் திரும்பச் சேக்கச் சொல்லிச்சு. பாதுகாக்கப்பட்ட வெளிப்படுத்தல் சட்டம்னு 2000ல இருந்தே உள்ள நடக்கற தப்பை வெளிய சொல்ற, விசில் ஊதறவங்களுக்கு ஒரு சட்டம் இருக்கு, கம்பெனி சட்டத்துலயும் 159வது பிரிவு இருக்கு, இருந்தும் கோர்ட் வாசல் வரைக்கும் போய்தான் அதை வாங்க வேண்டியிருக்கு.

நம்ம பக்கத்துலயே டோங்காட் ஹியூலட் இருக்கு. நம்ம பாட்டன் பூட்டன் கரும்பு வெட்டுன நட்டால் தோட்டங்கள்ல இருந்து வளர்ந்த கம்பெனி, 2019ல கணக்குல கோளாறுன்னு வெளிய வந்து ஜேஎஸ்ஈங்கற ஜோகன்னஸ்பர்க் ஷேர் மார்க்கெட்ல அதோட ஷேர் வியாபாரத்தையே நிறுத்தினாங்க, 2022 அக்டோபர்ல பிசினஸ் ரெஸ்க்யூ, அதாவது திவாலாகாம காப்பாத்தற சட்ட ஏற்பாடு. நிலம் வித்த வருமானத்தை எந்த வருஷக் கணக்குல காட்டுனாங்கங்கறதுதான் அதுல பெரிய பிரச்னை. நிலம் விக்கறதுன்னா அக்ரிமென்ட் இருக்கும், அதுல நிபந்தனை நிறைவேறுற தேதி இருக்கும். அந்த கம்பெனி வக்கீலுங்களப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல வரல, பொதுவா சொல்றேன், கணக்கு டிபார்ட்மென்ட் விஷயம்னு லீகல் ஒதுங்கி நிக்கிற கம்பெனியில அந்தத் தேதிய ஃபைனான்ஸ்கிட்ட யார் போய்ச் சொல்றது.

அதுக்காக எப்பப் பாத்தாலும் முடியாது முடியாதுன்னு சொல்ற ஆளையும் யாரும் தேட மாட்டாங்க. ரெண்டு மூணு தடவை அப்படிச் சொன்னா சேல்ஸ் உங்ககிட்ட கேக்காமலே கையெழுத்து போட ஆரம்பிச்சுருவாங்க, அதவிட ஆபத்து வேற இல்ல. இப்படிப் பண்ண முடியாது, ஆனா இந்த வழியில பண்ணலாம், அதுக்கு ரெண்டு வாரம் கூட ஆகும்னு சொல்லத் தெரிஞ்சவங்கதான் நிலைச்சு நிப்பாங்க. உண்மையிலயே முடியாதுங்கற நாள்ல எழுத்துல, சின்னதா, காரணத்தோட, ஆடிட் கமிட்டி படிச்சாலும் புரியுற மாதிரி எழுதிடணும்.

பாதை எப்படின்னு கேக்கறவங்களுக்கு. நாலு வருஷ எல்எல்பி, அதுக்கு அப்புறம் ஒரு ஃபர்ம்ல ஆர்ட்டிகிள்ஸ்ங்கற பயிற்சி, அட்டர்னி ஆகறதுக்கான போர்டு எக்ஸாம்ல நாலு பேப்பர், கோர்ட் நடைமுறை, உயில் எஸ்டேட், அட்டர்னி தொழிலும் காண்ட்ராக்ட்டும், அப்புறம் எல்லாரும் பயப்படற புக்கீப்பிங். ஆர்ட்டிகிள்ஸ கம்பெனியில பண்ண முடியாது, பிராக்டிஸ் பண்ற அட்டர்னிகிட்டயோ லீகல் எய்டு, லா க்ளினிக், ஸ்டேட் அட்டர்னி மாதிரி இடத்துலயோதான் பண்ணணும். அட்மிஷன் கட்டாயம் இல்லன்னு மேல சொன்னேன், சட்டம் கேக்காதுதான், விளம்பரம் கேக்கும், நல்ல வேலைங்க பாதிக்கு மேல அட்மிட்டட் அட்டர்னி, ரெண்டு மூணு வருஷ அனுபவம்னுதான் போடறாங்க. அதனால என் அபிப்பிராயம், ஆர்ட்டிகிள்ஸ் சம்பளம் கம்மி, வேலை நெருக்கும், இருந்தாலும் முடிச்சுட்டு வாங்க. நேரா எல்எல்பியோட காண்ட்ராக்ட் அட்மினிஸ்ட்ரேட்டரா சேந்து மேல வந்தவங்களும் இருக்காங்க, ஆனா ஒரு கட்டத்துல கதவு இடிக்கும். இன்னொரு வழி செகண்ட்மென்ட், ஃபர்ம் உங்கள க்ளையன்ட் கம்பெனிக்கு கொஞ்ச மாசம் அனுப்பும், அங்கயே பிடிச்சுப்போட்டுடுவாங்க.

மேல ஏறுறது மெதுவாதான் இருக்கும், இத யாரும் சொல்ல மாட்டாங்க. டர்பன்ல ஒரு நடுத்தர கம்பெனியில லீகல்ல ரெண்டு பேர் இருந்தாலே பெருசு, ஜெனரல் கவுன்சல் நாற்காலி ஒண்ணே ஒண்ணு, அதுல உக்காந்தவர் ரிட்டயர் ஆகுறவரைக்கும் எழுந்திருக்க மாட்டார். அதனால ஏறணும்னா கம்பெனி மாறணும், பெரும்பாலும் ஊரும் மாறணும், ஹெட் ஆபீஸெல்லாம் ஜோகன்னஸ்பர்க் பக்கம் சாண்ட்டன்லதான். இல்லன்னா பக்கவாட்டுல கம்ப்ளையன்ஸ், கம்பெனி செக்ரட்டரி, லேபர் ரிலேஷன்ஸ்னு நகரணும். ஏஐ வந்து வேலையைத் தின்னுடுமான்னு பசங்க கேக்கறாங்க, ரகசியம் காக்கறதுக்குப் போடற என்டிஏ மாதிரி சின்ன காண்ட்ராக்ட்ட முதல் பார்வை பாக்கறதுக்கு உதவுது, அதுக்குமேல நம்பிட முடியாது. 2025 ஜனவரியில நம்ம பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஹைகோர்ட்லயே மவுண்ட்லா கேஸ்ல ஒரு பக்கத்து வக்கீலுங்க இல்லாத தீர்ப்புகளை எல்லாம் மேற்கோள் காட்டினாங்க, ஏஐ குடுத்ததுன்னு சந்தேகம், ஜட்ஜ் தேடிப் பாத்துட்டு விஷயத்தை லீகல் பிராக்டிஸ் கவுன்சிலுக்கு அனுப்பினார். வெளி வக்கீல் அனுப்பற ஒப்பினியனையும் இப்ப கேஸ் கேஸா செக் பண்ண வேண்டியிருக்கு.

தமிழ்நாட்டுல இருந்து வந்திருக்கற நம்ம பிள்ளைங்களுக்கும், ஐடி விசாவுல வந்தவங்களோட வீட்டுக்காரம்மா சட்டம் படிச்சிருந்தா அவங்களுக்கும் ஒரு விஷயம். இங்க அட்டர்னியாவோ அட்வகேட்டாவோ அட்மிட் ஆகணும்னா குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ வேணும், இந்த விதியை எதிர்த்து லெசோதோக்காரங்க போட்ட ரஃபோனெகே கேஸ்ல 2022 ஆகஸ்ட்ல கான்ஸ்டிட்யூஷனல் கோர்ட் விதி செல்லும்னு சொல்லிருச்சு. அப்ப வேற வழியே இல்லையான்னா இருக்கு, லீகல் அட்வைசர் வேலைக்கு அந்த அட்மிஷன் தேவையில்லாததால, டிகிரிக்கு சாக்காங்கற தகுதி மதிப்பீட்டு அமைப்புல மதிப்பீடு வாங்கி, வேலை செய்ய அனுமதிக்கற விசாவும் இருந்தா, காண்ட்ராக்ட், கம்ப்ளையன்ஸ் பக்கம் போகலாம், இந்தியாவோட வியாபாரம் பண்ற கம்பெனிக்கு ரெண்டு நாட்டுச் சட்டமும் தெரிஞ்ச ஆள் பிடிக்கும். ஆனா எம்ப்ளாய்மென்ட் ஈக்விட்டி, அதாவது முன்னாடி ஒதுக்கப்பட்டவங்களுக்கு வேலையில முன்னுரிமை குடுக்கற சட்டம், அந்தக் கணக்குல இந்தியர்னு இருக்கேன்னு நம்பி இருக்காதீங்க, அந்தச் சட்டம் சொல்ற இந்தியர் பிறப்பாலயோ வம்சாவளியாலயோ தென்னாப்பிரிக்கக் குடிமக்கள், இல்ல 1994 ஏப்ரல் 27க்கு முன்னாடி குடியுரிமை வாங்குனவங்க, இல்ல அப்பார்தெய்ட் இல்லாம இருந்திருந்தா வாங்கியிருப்பாங்கங்கறவங்க. 1860ல கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிங்களா ட்ரூரோ கப்பல்ல வந்தவங்க வம்சத்து கோவிந்தரும், போன வருஷம் சென்னையில இருந்து வந்த கோவிந்தராஜனும் அந்த ஃபார்ம்ல ஒரே கட்டத்துல வரமாட்டாங்க.

இன்டர்வியூவுக்குப் போனா சம்பளத்துக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. லீகல் யாருக்கு ரிப்போர்ட் பண்ணுது, சிஎஃப்ஓவுக்கா சிஇஓவுக்கா, தேவைப்பட்டா ஆடிட் கமிட்டி சேர்கிட்ட நேரா பேசலாமா. இதுக்கு முன்னாடி இந்தப் பதவியில இருந்தவர் ஏன் போனார். ரெண்டாவது கேள்விக்கு ஹெச்ஆர் அம்மா பதில் சொல்லாம டீ கொண்டு வரவான்னு கேட்டாங்கன்னா, டீய குடிச்சுட்டு லிங்க்ட்இன்ல அந்த முன்னாள் ஆள் பேரைத் தேடி ஒரு போன் போட்டுட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க. அரசாங்க டிபார்ட்மென்ட் வேலைன்னா இசட்83ங்கற விண்ணப்ப ஃபார்ம மறக்காம எல்லா கட்டத்தையும் நிரப்பி கையெழுத்து போட்டு அனுப்புங்க, பாதியா நிரப்பி அனுப்பறதாலயே நிறைய விண்ணப்பம் முதல் நாளே ஓரம் போயிடுது.